4471-இன் மேல் இருமுறை அழுத்து

தம்பி,

இதை உன் லேப்டாப்பின் மேல் வைத்துவிட்டுப் போகிறேன். திங்கட்கிழமை விடிவதற்குள் நீ மோட்டார் சைக்கிளில் பாலத்தைத் தாண்டிச் சிங்கப்பூர் போயிருப்பாய். அதற்கு முன் படித்துவிடு. நேரில் சொல்லியிருக்கலாம். நேரில் சொன்னால் சுருக்கிவிடுவேன். சுருக்குவதுதான் இத்தனை வருஷமாக நான் செய்யும் வேலை. இந்த ஒன்றையாவது சுருக்காமல் சொல்ல வேண்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை காலை ஹாலில் உட்கார்ந்து, சிங்கப்பூர் வேலையின் நேர்முகத் தேர்வுக்காக நீ செய்த அறிக்கையை எனக்குக் காட்டினாய். கட்டடங்களைச் சுத்தம் செய்யும் நிறுவனம். பெயர்களை மட்டும் எடுத்துவிட்டு அவர்கள் கொடுத்த அசல் தரவு. மேலே நான்கு பெரிய எண்கள். இடது பக்கம் வடிகட்டும் பொத்தான்கள்: கட்டடம், மாதம், ஷிஃப்ட். நீ ஒவ்வொன்றாக அழுத்த, வலது பக்கம் பட்டைகள் எழுந்து விழுந்தன. கோடு அசைந்தது. நிறம் மாறியது. நன்றாகத்தான் செய்திருந்தாய். என்னைவிட நன்றாக.

"அத்தன வரிசையும் ஒரே பக்கம்பா. கீழ இருக்கிற பத்து பேரு தானாவே சிவப்பாயிடுவாங்க. மேனேஜர் அத மட்டும் பாத்தா போதும். அவருக்கு ஏதுப்பா டைம்?"

அப்போதுதான் அம்மா பின்னால் வந்து நின்றாள். கையில் யாருடைய ஜாக்கெட்டோ, பல்லுக்கு நடுவில் ஊசி. ஊசியை எடுத்துவிட்டுக் கேட்டாள்.

"அந்தக் கடைசி ஆளு யாருடா?"

"ஆளு இல்லம்மா. அது ஐடி நம்பர்."

"நம்பருக்கு எதுக்குடா சிவப்பு?"

"அலமாக். இது சும்மா டெமோலா அம்மா."

நீ சிரித்தாய். நானும் சிரித்தேன். அவள் என்னைப் பார்த்தாள். உன்னை இல்லை. பிறகு உள்ளே போய்விட்டாள். தையல் மெஷின் ஓடும் சத்தம் கேட்டது. நீ அடுத்த பொத்தானை அழுத்தினாய்.

அந்தப் பார்வைக்கு ஆறு வருஷ வயது. அதைத்தான் உனக்குச் சொல்ல வேண்டும்.

அம்மா ஏன் வேலையை விட்டாள் என்று உன்னைக் கேட்டால் உடனே சொல்வாய். ஐந்தாம் படிவம், எஸ்பிஎம் பரீட்சை வருஷம், வீட்டில் ஒருவர் இருக்க வேண்டும் என்று எனக்காக நின்றுவிட்டாள். அப்படித்தான் உன்னிடம் சொன்னாள். நீ அதை அப்படியே தூக்கிச் சுமந்தாய். கணக்கில் ஒரு தடவை மார்க் குறைந்தபோது சாப்பிடாமல் அறையில் கிடந்தாய். போன மாதம் உன் விரிவுரையாளர், ஸ்கூடாய் பல்கலைக்கழகத்திலேயே இருந்து மேலே படி, ஆராய்ச்சிக்கு இடம் இருக்கிறது என்றார். நீ மாட்டேன் என்றாய். ஏன் என்று கேட்டேன். "அம்மா எனக்காக விட்டாங்க. நான் அம்மாவுக்காகப் போறேன். சரியாப் போச்சுப்பா" என்றாய்.

சரியாகப் போகவில்லை. அம்மா உனக்காக வேலையை விடவில்லை. விட வைத்தார்கள். விட வைத்த அறிக்கைப் பக்கத்தைச் செய்தவன் நான்.

நாங்கள் இரண்டு பேரும் ஒரே தொழிற்சாலைதான், தெரியும் உனக்கு. அவள் கீழே, பரிசோதனைப் பிரிவில். நான் மேலே, உற்பத்தி அலுவலகத்தில். மேலே ஏசி, கீழே இரைச்சல். நடுவில் இரும்புப் படிக்கட்டு. மின்சாதனங்களுக்குள் போகும் சின்னச் சின்ன பிளாஸ்டிக் இணைப்பிகளை விளக்கடியில் வைத்து, பூதக்கண்ணாடி வழியே பார்த்து, கீறல் இருந்தால், ஊசி வளைந்திருந்தால் ஒதுக்க வேண்டும். பன்னிரண்டு வருஷம் அதைப் பார்த்தாள். சூப்பர்வைசர் சரஸ் அக்கா சொல்வாராம்: "உன் கண்ணு ஸ்கேனர்லா. நீ விட்டா அது நல்ல பீசு." அதனால் எது கஷ்டமோ அது அவளுக்கு வரும். அரிசியில் பாதி அளவு இருக்கும் ஒரு வகை உண்டு. மற்றவர்கள் பார்த்துவிட்டுப் போனது வாடிக்கையாளரிடமிருந்து திரும்பி வரும். அவள் பார்த்தது வராது. அந்தத் தட்டுகளை எல்லாம் அவள் மேசையில் கொண்டுவந்து வைத்தார்கள். அது அவளுக்குப் பெருமை. சம்பளத்தில் அந்தப் பெருமைக்கு இடம் இல்லை. அறிக்கையிலும் இல்லை. இரண்டாவதற்கு நான் பொறுப்பு.

அந்த வருஷம் புது மேனேஜர் வந்தார். தினமும் நாற்பது பக்கம் அச்செடுத்துக் கொடுப்போம். ஒரு நாள் அந்தக் கட்டைத் தூக்கி என் மேசையில் போட்டார். "சத்து முக்கா சாஜா" என்றார். ஒரே ஒரு பக்கம். அதற்கு மேல் படிக்க மாட்டாராம். நான் பல்கலைக்கழகத்தில் புள்ளியியல் படித்து இரண்டாம் வருஷத்தில் நிறுத்தியவன். பதினைந்து வருஷமாகக் கட்டங்களை நிரப்பிக்கொண்டிருந்தவன். எனக்கு அது கட்டளையாகத் தெரியவில்லை. அழைப்பாகத் தெரிந்தது.

வீட்டில் உட்கார்ந்து காணொளி பார்த்துக் கற்றுக்கொண்டேன். பிவட் அட்டவணை. மடிக்க முடியாத ஆயிரம் வரிசைகளை அது கைக்குட்டை போல மடித்துக் கொடுக்கும். பிறகு வடிகட்டும் ஸ்லைசர் பொத்தான்கள். பிறகு நிபந்தனை வைத்து நிறம் போடுவது. கடைசியாக எல்லாவற்றையும் ஒரே தாளில் அடுக்கி, கோடுகளை மறைத்து, தலைப்பு எழுதி ஒரு டாஷ்போர்டு. நீ பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பாய். பாடப் புத்தகம் மடியில். "அப்பா, ஷிஃப்ட் பி அழுத்துங்க. இன்னொரு தடவ, இன்னொரு தடவ." நீ இந்தத் தொழிலுக்குள் வந்தது அந்த நாற்காலியிலிருந்துதான் என்று நினைக்கிறேன்.

இன்னொன்று. உனக்கு நினைவிருந்தால் நீயாகவே அங்கே போய் நின்று பழியை ஏற்றுக்கொள்வாய், அதனால் நானே சொல்லிவிடுகிறேன். கடைசிப் பத்துப் பேருக்கு நான் முதலில் வெளிர் ஆரஞ்சு போட்டிருந்தேன். "சிவப்பு போடுங்கப்பா, தூரத்துலருந்தே தெரியும்" என்று நீ சொன்னாய். போட்டேன். அந்த நிறத்தின் பழியில் உனக்குப் பங்கு இல்லை. அது யார் மேல் விழுகிறது என்று உனக்குத் தெரியாது. எனக்குச் சீக்கிரமே தெரிந்தது.

அந்தப் பக்கத்தில் பெயர் இல்லை. ஊழியர் எண் மட்டும். ஒரு மணி நேரத்துக்கு எத்தனை துண்டு பார்த்தார் என்ற சராசரி. நடுவில் இலக்குக் கோடு. பொருள் எந்த வகை என்று தரவில் ஒரு பத்தி இருந்தது. அதையும் சேர்த்தால் பக்கம் இரண்டாகும். எடுத்துவிட்டேன். இதுதான் தவறு. படித்தவன் செய்யும் தவறு. எளிய துண்டைப் பார்த்தவளையும் அரிசித் துண்டைப் பார்த்தவளையும் ஒரே கோட்டின் கீழ் நிறுத்தினேன். முதல் மாதம் எனக்கு இது தோன்றவே இல்லை. அதை நீ நம்பலாம்.

இரண்டாம் மாதம் தோன்றியது. கடைசி வரியில் 4471 இருந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவளுடைய யூனிஃபார்மை நான்தான் அயர்ன் பண்ணுவேன், நினைவிருக்கிறதா? வாரமெல்லாம் பூதக்கண்ணாடியில் பார்த்த கண்ணுக்கு அன்று ஒருநாள் ஓய்வு. ஐந்து சட்டை. நீலம். பாக்கெட்டுக்கு மேல் மஞ்சள் நூலில் நான்கு எண்கள் தைத்திருக்கும். அந்த நூலின் மேல் சூடு படக்கூடாது என்று திருப்பிப் போட்டுத் தேய்ப்பேன். திருப்பிப் போட்டாலும் அந்த எண்ணை எனக்குப் படிக்கத் தெரியும்.

பிவட்டில் ஒரு எண்ணின் மேல் இருமுறை அழுத்தினால் என்ன ஆகும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்த எண் எந்த வரிசைகளிலிருந்து வந்ததோ அவ்வளவும் புதுத் தாளில் விரியும். அன்று மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். 4471-இன் சராசரி மேல் இருமுறை அழுத்தினேன். விரிந்தது. தேதி, ஷிஃப்ட், பொருள் வகை. பொருள் வகைப் பத்தியில் மேலிருந்து கீழே ஒரே குறியீடு. அந்தச் சின்னத் துண்டு. மாதம் முழுக்க அது மட்டும்தான் அவள் மேசைக்குப் போயிருந்தது. பக்கத்துப் பத்தியில், பிறகு வாடிக்கையாளரிடமிருந்து திரும்பியவை. பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம். கண்ணை ஓட்டிக்கொண்டே போனேன். ஒரு தாளில் ஒரு மனுஷியின் மாதம் இவ்வளவு தெளிவாக இருக்கும் என்று நான் நினைத்ததில்லை.

பிறகு அந்தத் தாளை நீக்கினேன். நிரந்தரமாக நீக்கவா என்று கேட்டது. ஆம் என்று அழுத்தினேன்.

ஏன்? இதற்கு ஆறு வருஷமாக விதவிதமான பதில் வைத்திருக்கிறேன். பெண்டாட்டிக்காகக் கணக்கை மாற்றினான் என்று அலுவலகத்தில் பேசுவார்கள் என்பது ஒன்று. நேர்மை என்று அதற்குப் பெயர் வைத்திருந்தேன். மாற்றச் சொல்லி யாரும் கேட்கவில்லை, தம்பி. ஒரு பத்தியைச் சேர்த்தால் போதும். அது எல்லோருக்கும் நியாயம். பயம் என்பது இன்னொரு பதில். பயம் என்று சொன்னால் கொஞ்சம் மரியாதையாகக்கூட இருக்கிறது. உண்மை அதைவிடச் சின்னது. அந்தப் பக்கம் அழகாக இருந்தது. மேனேஜர் அதைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருந்தார். வெளிநாட்டிலிருந்து வந்தவர்களிடம் என்னைக் கூப்பிட்டுக் காட்டி "பாகுஸ்" என்றார். இத்தனை வருஷத்தில் மேலே இருந்த யாரும் என்னை நன்று என்று சொன்னதில்லை. அந்தப் பக்கத்தைக் கலைக்க எனக்கு மனம் வரவில்லை.

அனுப்பும்போது பிடிஎஃப் ஆக்கி அனுப்பினேன். படமாகிவிட்டால் அதில் யாரும் எதையும் அழுத்த முடியாது.

அம்மா ஒருநாள் கம்பெனி பஸ்ஸில் கேட்டாள். கீழே பேச்சு ஓடிக்கொண்டிருந்தது, மேலே ஒரு லிஸ்ட் இருக்கிறதாம் என்று.

"நீங்கதான் செய்யிறீங்களாமே. நான் எங்க இருக்கேன்?"

"அதுல நம்பர் மட்டுந்தான் வரும். பேரு வராது. யாருன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவ்வளவுதான்.

ஒரு வாரம் கழித்துப் பத்துப் பேரை ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள். பரிசோதனையிலிருந்து எடுத்து நிரந்தர இரவு ஷிஃப்ட், பேக்கிங்கில். இல்லையென்றால் வேலையை விடுவதாகக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகலாம். கண்ணாடி அறை. என் இடத்திலிருந்து அவள் முதுகு தெரிந்தது. ஞாயிறு நான் தேய்த்த சட்டை. மேனேஜர் சுவரைக் காட்டி ஏதோ சொன்னார். அவள் எழுந்து கிட்டப் போய் அந்தப் பக்கத்தைப் பார்த்தாள். பரிசோதனை செய்கிறவள் பார்ப்பது போல, தலையைச் சாய்த்து. பிறகு வந்து கையெழுத்துப் போட்டாள். இரும்புப் படிக்கட்டில் இறங்கப் போகும்போது என் மேசையைத் தாண்டித்தான் போனாள்.

அன்று சாப்பிடும்போது உன்னிடம் சொன்னாள்: "நின்னுட்டேன்யா. உனக்குப் பரிட்ச. வீட்ல ஒருத்தர் இருக்கணும்ல." நீ எழுந்து அவள் தோளைக் கட்டிக்கொண்டாய். இதை மறுக்க எனக்கு ஒரு நிமிஷம் இருந்தது. நான் ரசம் கேட்டேன்.

இன்னும் முடியவில்லை. மூன்று மாதம் கழித்து அந்தச் சின்னத் துண்டு பெட்டி பெட்டியாகத் திரும்பி வந்தது. வாடிக்கையாளர் கத்தினார். மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, பொருள் வகை வாரியாகப் பிரித்துக் காட்ட முடியுமா என்று கேட்டார். முடியும் என்றேன். பொருள் வகைக்கு ஒரு ஸ்லைசர் சேர்த்தேன். பக்கம் இரண்டாகக்கூட ஆகவில்லை. ஓரத்தில் இடம் இருந்தது. பத்து நிமிஷ வேலை. மறுபடியும் "பாகுஸ்" என்றார். யார் போனதால் அது திரும்பி வருகிறது என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அந்தப் பத்து நிமிஷத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு வாய் கசக்கிறது. நான் பொய் சொன்னதைவிட, ஓரத்தில் இடம் இருந்தது என்பதுதான்.

அதற்குப் பிறகு என் சட்டையை மட்டும்தான் தேய்க்கிறேன். அவளுக்குத் தேய்க்க ஒன்றும் இல்லை. வீட்டில் பேச்சு நிற்கவில்லை. சாப்பிட்டாச்சா, கேஸ் முடிஞ்சிருச்சு, தம்பி எங்க. வேண்டிய எண்கள் எல்லாம் பரிமாறிக்கொள்கிறோம். நீ இதைப் பொறுமையான குடும்பம் என்று நினைத்து வளர்ந்தாய்.

வியாழக்கிழமை மத்தியானம் லீவு போட்டுவிட்டு வந்தேன். நீ நண்பனைப் பார்க்கப் போயிருந்தாய். அவள் ஜாக்கெட்டுக்குக் கொக்கி தைத்துக்கொண்டிருந்தாள். எதிரில் உட்கார்ந்தேன்.

"ஒண்ணு சொல்லணும். அந்த ரிப்போர்ட்டுல 4471 நீதான்னு எனக்கு அப்பவே தெரியும்."

ஊசி நிற்கவில்லை.

"யூனிஃபார்ம அயர்ன் பண்ணது நீங்களா, பக்கத்து வீட்டுக்காரரா?"

"தெரிஞ்சுமா ஒண்ணும் கேக்கல?"

"கேட்டனே, பஸ்ல. நம்பர் மட்டுந்தான்னீங்க. ரெண்டாவது தடவ கேட்டா ரெண்டாவது பொய் சொல்லணும் நீங்க. எதுக்கு சிரமம்னு விட்டுட்டேன்."

"தம்பிகிட்ட ஏன் அப்படிச் சொன்ன?"

"வேற என்னத்த சொல்றது? உங்கப்பா போட்ட கோட்டுக்குக் கீழ விழுந்துட்டேன்னா? அப்ப அவன் உங்க பக்கத்துல நாக்காலி போட்டு உக்காந்திருப்பான். எந்நேரமும் அப்பா, அப்பான்னு. அதக் கெடுக்க வேணாம்னுதான்."

நான் வாயைத் திறந்தேன். அவள் நூலைப் பல்லால் கடித்துவிட்டுச் சொன்னாள்:

"மன்னிப்புல்லாம் கேக்காதீங்க. அதையும் ஒரே பக்கத்துல அடக்கிடுவீங்க."

அடுத்த கொக்கியை எடுத்துக்கொண்டு, வேறு ஏதோ ஞாபகம் வந்தது போல:

"அவன்கிட்ட சொல்லிடுங்க. எனக்காகப் போறேன்னு எல்லாருகிட்டயும் சொல்லிக்கிட்டு திரியிறான். தப்பு செஞ்சவன் மாதிரி என் மூஞ்சியப் பாக்குறான். என்னால முடியல. நான் அவனுக்காக விடல. என்னை விட வச்சாங்க. ரெண்டும் வேற. அது அவனுக்குத் தெரியட்டும். தெரிஞ்சப்புறம் போறதுன்னா போவட்டும்."

சொல்லிவிட்டேன். இனி நீ போவதும் இருப்பதும் உன் விஷயம். அம்மாவுக்காகப் போகிறேன் என்ற காரணம் மட்டும் இனி உன்னிடம் இல்லை. அதை எடுத்த பிறகு மீதி என்ன இருக்கிறது என்று பார். சம்பளம் பிடித்திருந்தால் போ. அந்த வேலை பிடித்திருந்தால் போ. படிக்க வேண்டும் என்றிருந்தால் விரிவுரையாளருக்கு இன்றே போன் செய். என் மேல் கோபம் வரும். வரட்டும். அதைச் சுருக்காதே. உன் அம்மா சுருக்கி வைத்துக்கொண்டு ஆறு வருஷம் இருந்தாள், அது எப்படி இருக்கும் என்று நான் பக்கத்திலிருந்து பார்த்தேன்.

உனக்குப் புத்தி சொல்லும் தகுதி எனக்கு இல்லை. தொழில் தெரிந்தவன் என்ற முறையில் ஒன்று மட்டும் கேட்கிறேன். நீ செய்த பக்கத்தின் கடைசியில் ஒரு எண் சிவப்பாக நிற்கிறது. எந்த மாடியைக் கூட்டுகிறார், அந்த மாடியில் எத்தனை கழிப்பறை, லிஃப்ட் ஓடுகிறதா, உன் பக்கத்தில் இல்லை. தரவில் இருக்கலாம். நான் பார்த்துவிட்டு நீக்கினேன். நீ இன்னும் பார்க்கவில்லை. இன்றைய தேதிக்கு நமக்குள் இருக்கும் வித்தியாசம் அவ்வளவுதான். அது பெரிய வித்தியாசம். போக்கிக்கொள்ளாதே.

லேப்டாப்பைத் திற. அந்தக் கடைசி எண்ணின் மேல் இருமுறை அழுத்து. விரிந்து வருவதை எடுத்துக்கொண்டு அம்மாவிடம் போ. மெஷின் பக்கத்தில்தான் இருப்பாள். கடைசி ஆள் யார் என்று கேட்டாளே, அதற்குப் பதில் சொல்.

என்னிடம் கேட்டு ஆறு வருஷம் ஆனது. உன்னிடம் கேட்டு ஆறு நாள்தான் ஆகிறது.

அப்பா